உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 2

என் மகன் நந்தகோபால் எனக்கு அநியாயம் செய்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டு வாசல் கதவில் எண் அமுக்கித் திறக்கிற பூட்டை மாட்டிவிட்டு ஓசூருக்குப் போய்விட்டான். நான் மில்லில் ஃபிட்டராக இருந்து கட்டிய வீடு இது. தேக்குக் கதவு. அதில் துளை போட்டு, மரத்தூளைக்கூடக் கூட்டாமல் போயிருக்கிறான்.

காரணம் அவன் அம்மா. மயிலாத்தாளுக்கு ஞாபகம் தேய்ந்துகொண்டே வருகிறது. மூளை சுருங்கும் வியாதி, திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளாக, மத்தியானம் சாப்பாடு ஆனதும் வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்வரை போயிருக்கிறாள். போன வாரம் ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். லாரி ஓடுகிற ரோடு. ஒரு நாள் அடிபட்டுச் சாவாள். எனக்கும் அந்தப் பயம்தான்.

அதற்கு நான் ஏற்கெனவே வழி செய்திருந்தேன். கேட்டில் காந்த ஸ்விட்ச். கேட் திறந்தால் ஹாலில் மணி அடிக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்து, என் கையால் செய்தது. இதுவரை அடிக்காமல் இருந்ததில்லை. நந்தகோபாலிடம் போனில் அதைத்தான் சொன்னேன்.

“மணி அடிக்குதுங்கப்பா. அம்மா போனதுக்கப்புறம் அடிச்சு என்ன பண்றது?”

“அடிச்சா ஓடிப்போய்ப் புடிப்பேன்.”

“அந்த முட்டிய வெச்சுக்கிட்டா?”

“கோளாறு எதுன்னு தெரியாம ஸ்பேனரத் தொடக் கூடாதுடா நந்து.”

“கோளாறு தெரிஞ்சதுதானுங்களேப்பா. அம்மா வெளிய போறாங்க. போகாமப் பண்ணணும். அவ்வளவுதான்.”

அது சரிதான். கோளாறு அதுதான். நான் சொல்வது, பூட்டு மட்டம் என்பது. உள்ளே பித்தளை இல்லை, பிளாஸ்டிக் பல்.

ஜூன் 3

பூட்டு வேலை செய்கிறது. மயிலாத்தாள் அதன் எண்களைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அரைக்கீரை கடைந்தேன். உப்பு அதிகம்.

ஜூன் 6

பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் வந்தது. அதுவும் மில்தான், மயிலாத்தாளோடு நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் நின்றது. புருசன் போய்ப் பல வருசமாகிறது. வாய் மட்டும் குறையவில்லை. நான் எண்ணை அமுக்கிக் கதவைத் திறக்கும்வரை வெளியே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசியது.

“ஏனுங்ணா, உள்ள இருக்கறது மனுசியா, நகைப்பொட்டியா?”

“உன் வீட்டு நாயக் கட்டிப் போடறயில்ல? அப்படித்தான்.”

“நாய் குரைச்சாலாச்சும் அவுத்து உடுவேன்.”

இரண்டு பேரும் சமையலறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தனபாக்கியம் இருந்தவரை மயிலாத்தாள் கதவுப் பக்கம் வரவில்லை. ஆள் போன பிறகு மறுபடி கதவருகே வந்து, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றாள்.

எனக்கு டீ கொடுத்தாள். கையில் கொடுக்கவில்லை. கொத்தனார், தண்ணி லாரிக்காரர் யாராவது வந்தால் கொடுக்கிற எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, எட்ட வைத்துவிட்டுப் போனாள். கை நடுங்குவதால் கீழே வைக்கிறாள் போலிருக்கிறது. என் தம்ளர் எது என்பதும் மறந்துவிட்டது.

இன்னொன்று. இத்தனை வருசம் ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டவள், இப்போது ‘ஏனுங்ணா’ என்கிறாள். தனபாக்கியத்தின் சகவாசம்.

ஜூன் 9

ஒரு மஞ்சள் பையில் சீப்பு, மாற்று ரவிக்கை, விபூதிப் பொட்டலம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். சுவரோடு முதுகை ஒட்டி, காலை மடக்கி. சோபாவில் உட்கார் என்றேன். “பரவாலீங்ணா” என்றாள்.

நான் ஹாலில் பேப்பர் படித்தால் அவள் சமையலறைக்குப் போகிறாள். நான் சமையலறைக்குப் போனால் ஹாலுக்கு வருகிறாள். வீட்டுக்குள்ளேயே நடையாக நடக்கிறாள். இதுவும் வியாதியின் ஒரு கட்டம் என்று நான் வாங்கிய வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது. ஓயாமல் நடப்பார்களாம்.

மணியின் ஒயரைக் கழற்றிவிட்டேன். கேட்வரை யார் போகப்போகிறார்கள்.

ஜூன் 11

சமையலறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கிறது. தட்டினேன், கத்தினேன், திறக்கவில்லை. தனபாக்கியம் ஜன்னல் வழியாகக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தாள். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டேன். தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது. இதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

கழற்றுகிறவரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிடவில்லை.

ஜூன் 12

காலையில் பார்த்தால் சமையலறைக் கதவு திறக்க மாட்டேன் என்றது. உள்ளே அரிசி மூட்டையை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறாள். அவ்வளவு பெரிய மூட்டை. உடம்பில் தெம்பு இல்லை என்று டாக்டர் சொன்னது எவ்வளவு பொய்.

ஜூன் 14

நந்தகோபால் கூரியரில் ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருக்கிறான். நேரம் பார்க்க அல்ல. கட்டிய ஆள் எங்கே இருக்கிறாள் என்று அவன் போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியுமாம். போனிலேயே எனக்குப் பாடம் நடத்தினான்.

“ஸ்ட்ராப்ப டைட்டா போடுங்கப்பா. லூசா இருந்தா கழட்டிடுவாங்க.”

“பூட்டுப் போட்ட வீட்டுக்குள்ள ஆளு எங்க இருக்குதுன்னு பாக்க ஒரு மிசினா?”

“பூட்டு ஃபெயில் ஆனா?”

“அப்ப உன் பூட்டு மட்டம்னு ஒத்துக்கற.”

போனை வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். புருசன் பெண்டாட்டி கையைப் பிடித்தால் தெருவே கூடுகிற மாதிரி ஓர் அலறல். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மானம் போயிற்று. தனபாக்கியம் ஓடிவந்து, “வளையல் மாதிரிதான் புள்ள” என்று சொல்லி ஒரு நிமிசத்தில் மாட்டிவிட்டது.

பிறகு வாசலில் நின்று என்னிடம் கேட்டது. “ஏனுங்ணா, மில்லுல மிசின் நின்னா மொதல்ல ஏன் நின்னுச்சுன்னு கேப்பீங்களே, எங்களையெல்லாம் நிக்க வெச்சு. இவ எதுக்கு வெளிய போறான்னு கேட்டீங்களா?”

“எங்க போறேன்னு தெனமும் கேக்கறேன்.”

“எங்கன்னு இல்லீங்க. எதுக்குன்னு.”

“பைத்தியத்துக்கு எதுக்குன்னு ஒண்ணு இருக்குமா?”

தனபாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. கோபமாம். மிசினும் மனுசியும் ஒன்றா.

ஜூன் 17

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் கொஞ்சம் கண் அசந்தேன். மயிலாத்தாள் சமையலறையில் முக்காலியைப் போட்டு, பரண் பக்கத்தில் தெருவைப் பார்த்த உயர ஜன்னலின் கம்பியைப் பிடித்து ஏறியிருக்கிறாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். முக்காலி சாய்ந்து கீழே விழுந்து, கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. கடிகாரம் கட்டாத கை.

அவள் என்ன கத்தினாள் என்று எதிர்வீட்டுப் பெண் சொல்ல மாட்டேன் என்றது. வற்புறுத்திக் கேட்டேன். “கதவத் திறந்து உடுங்க, உள்ள ஒரு ஆளு இருக்கறாரு” என்று கத்தினாளாம்.

நந்தகோபாலுக்குப் போன் செய்தேன். அவன் நம்பவில்லை. அந்த நேரமெல்லாம் அவன் போனில் பச்சைப் புள்ளி வீட்டுக்குள்ளேயே இருந்ததாம். அம்மா பத்திரம் என்று எழுத்தில் வேறு காட்டியதாம்.

ஜூன் 18

பெண்கள் வார்டு. ஆண்கள் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே போகலாம். நான் வெளியே பெஞ்சில்.

நர்ஸ் சொன்னதை நம்ப முடியவில்லை. மயிலாத்தாள் இரண்டு இட்லிக்கு மேல் கேட்டு வாங்கித் தின்றாளாம். நன்றாகத் தூங்கினாளாம். அந்த வார்டுக்குப் பூட்டு கிடையாது. கதவே பாதி கழன்று தொங்குகிறது. ஒருமுறைகூட எழுந்து வெளியே போகவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டிருக்கிறாள், ஒரு கையால். முன்பின் தெரியாதவர்களோடு இவ்வளவு நிம்மதியாக இருப்பவளுக்கு, என்னோடு இருக்க என்ன கேடு.

மருந்தின் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். என்ன மருந்து என்று கேட்டேன். வலி மாத்திரை மட்டும்தானாம்.

பார்வை நேரத்தில் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். பயப்படவில்லை. சுற்றிலும் ஆள் இருக்கிறார்கள் அல்லவா.

“உக்காருங்ணா” என்றாள். ஸ்டூலைக் காட்டினாள்.

தனபாக்கியம் சொன்னதால் அல்ல, நானாகத்தான் கேட்டேன். “எதுக்கு அம்மிணி வீட்ட விட்டு வெளிய போற?”

அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சொன்னாச் சங்கடப்படக் கூடாதுங்ணா.”

“சொல்லு.”

“உங்களுக்குப் பொண்டாட்டி புள்ளைக இல்லீங்களா?”

“இருக்கறாங்க.”

“அப்புறம் ஏனுங்ணா எங்கூட்டுலயே இருக்கறீங்க?”

ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

“நீங்க தப்பான ஆளுன்னு சொல்ல வல்லீங்ணா. சோறாக்கறீங்க. துணி மடிக்கறீங்க. என்னோட அண்ணன்கூட அப்படிப் பண்ண மாட்டாரு. ஆனா ஒரு பொம்பள, புருசன் வேலைக்குப் போன நேரத்துல, அசலாம்பளயோட ஒரே வீட்டுக்குள்ள இருந்தா ஊரு என்ன பேசும்? அதான் நீங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு, வெளிய வந்து நின்னுக்குவேன். வயசானவரைப் போன்னு சொல்ல வாய் வருமுங்களா? நாலு பேர் பாக்கற எடத்துல நின்னா ஒரு பேச்சு வராது. அவரும் பஸ்ல வந்து எறங்குவாரு, ரெண்டு பேருமாச் சேந்து வீட்டுக்குப் போயிரலாம்னு பாத்தேன். நீங்க பூட்டிப்போட்டீங்க.”

“உன் வீட்டுக்காரரு எங்க?”

“மில்லுல. ஃபிட்டருங்க.” முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. “எந்த மிசின் நின்னாலும் அவரத்தான் கூப்புடுவாங்க.”

“எப்படிப்பட்ட ஆளு?”

சிரித்தாள். வெகு நாளாகிவிட்டது அவள் சிரித்து, என் எதிரில்.

“கல்லுங்க. சொன்னாக் கேக்க மாட்டாரு. ஆனா என்னயச் சந்தேகப்பட்டதில்ல. அவரு நம்புவாருங்ணா. ஊருதான் நம்பாது.”

மணி அடித்தார்கள். ஆண்களை வெளியே போகச் சொன்னார்கள். போனேன்.

ஜூன் 19

விடுவேனா நான். வீட்டுக்குப் போய்க் கல்யாணப் போட்டோ, ரேசன் கார்டு, மில் அடையாள அட்டை எல்லாம் எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பினேன். மில்லில் பஞ்சு கோதுகிற கார்டிங் மிசினில் சிக்கிய விரலைக் காட்டினேன். அன்று அவள்தான் மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டினாள். உண்மையை எடுத்துக் காட்டினால் எந்த மனுசியும் ஒப்புக்கொண்டுதானே ஆக வேண்டும்.

போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

“அவரோட பெரியண்ணனுங்களா நீங்க? சாடை இருக்குதுங்க.”

“நான்தான்டி. ஆறுச்சாமி. நான்தான்.”

“அவர் பேர ஏனுங்ணா சொல்றீங்க.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அவருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா? அத மறைக்கத்தான் வந்து கூட இருக்கறீங்களா?”

நான் சத்தம் போட்டேன். போட்டோவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவள் அழ ஆரம்பித்து, அவர் செத்துப்போனாரா சொல்லுங்க, செத்துப்போனாரா சொல்லுங்க என்று எல்லாக் கட்டிலையும் கேட்டாள். நர்ஸ் என்னை வெளியே கொண்டுபோய் விட்டது.

நான் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொன்னவனை வராந்தாவில் நிறுத்தினார்கள். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 20

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தனபாக்கியம் போய், மில்லில் ஃபிட்டரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்று சொல்லி அவளைச் சாப்பிட வைத்தது.

ஜூன் 21

நந்தகோபால் வந்தான். ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தோம். புதுச் சாமான் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினான். ஒவ்வொரு அறையிலும் கேமரா, அதிலேயே பேசலாமாம். “அம்மா, உள்ள போய் உக்காருங்க” என்று ஓசூரிலிருந்தே சொல்லலாமாம்.

“மொதல்ல உங்கம்மா எதுக்கு வெளிய போறான்னு கேட்டயா?”

“டாக்டர்தான் சொன்னாரே, இந்த வியாதில அலைவாங்கன்னு.”

நான் சொன்னேன். கட்டிலில் அவள் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். சங்கடப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. மில் லாக் புக்கில் மிசின் கோளாறை எழுதுகிற மாதிரி, தாழ்ப்பாளைக் கழற்றியதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் போனைச் சட்டைப் பையில் வைத்தான்.  பிறகு கேட்டான். “அப்ப நாம அவங்கள ஒரு ஆளோட உள்ள வெச்சுப் பூட்டுனோமுங்களாப்பா?”

“நீதான் பூட்டுன.”

“தாழ்ப்பாளக் கழட்டுனது?”

டீ ஆறிவிட்டது. குடிக்காமல் வைத்தேன்.

“இதுக்கு எதுவும் வாங்க முடியாதுங்களாப்பா?” என்றான். கிண்டல் இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது, உடைந்த பம்பரத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவானே, அந்த முகம். நான் அறிந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன்.

பிறகு ஹோமில் சேர்த்துவிடலாம் என்று ஆரம்பித்தான். ஓசூரில் நல்ல ஹோம் இருக்கிறதாம். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

“அவ வீடுடா அது. அசலாளுதான் வெளிய போகணும். அவ எதுக்குப் போகணும்?”

“எங்க போவீங்க நீங்க?”

“என்னயக் கேட்டா கதவுல துளை போட்ட?”



ஜூன் 23

மயிலாத்தாளை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தனபாக்கியத்தைக் கூப்பிட்டு ஒரு சேதி சொல்லியிருக்கிறாள். கை இப்படியானதால் வீட்டுக்காரருக்குச் சமைத்து அனுப்ப முடியவில்லை, யாராவது மில் பக்கம் போனால் சோறு கொடுத்துவிட வேண்டுமாம். மில்லை இடித்து அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதை யாரும் அவளிடம் சொல்லப்போவதில்லை.

இது வியாதியைக் குணப்படுத்தாது. அவளுக்கு என்னைத் திரும்பத் தெரியப்போவதும் இல்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன், இனி உங்களை அடையாளம் தெரியாது என்றார். அதனால் ஆக வேண்டியது எது, யார் செய்ய வேண்டியது என்று எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

பூட்டை நந்தகோபால்தான் கழற்ற வேண்டும். ஆசாரியைக் கூப்பிடக் கூடாது, அவன் கையாலேயே. துளைகளைத் தேக்குச் சீவலும் பசையும் வைத்து அடைக்க வேண்டும். கடிகாரம் அவள் கையிலேயே இருக்கட்டும். வளையல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பச்சைப் புள்ளியை அவன் பார்க்கட்டும், ஆனால் பத்திரம் என்று அது சொன்னால் நம்பக் கூடாது. போன் செய்து தனபாக்கியத்தைக் கேட்க வேண்டும்.

தனபாக்கியம் எங்கள் வீட்டில் வந்து படுக்க வேண்டும். கேட்டேன். “உங்களுக்காக இல்லீங்ணா” என்றது. யாருக்காக இருந்தாலும் சரி. பகலில் வாசல் கதவு திறந்தே இருக்க வேண்டும். மயிலாத்தாள் வெளியே போக வேண்டும் என்றால் தனபாக்கியம் கூடப் போக வேண்டும். போகாதே என்று சொல்லக் கூடாது.

சமையலறைத் தாழ்ப்பாளை நான் திரும்பப் பொருத்த வேண்டும். பழையது வேண்டாம், பித்தளையில் புதிது. உள்பக்கம். சிலிண்டரை வெளியே மாற்றி, சுவரில் துளை போட்டுக் குழாய் இழுக்க வேண்டும். அதுவும் என் வேலை. அவள் வருவதற்குள் முடிய வேண்டும்.

தனபாக்கியம் வீட்டு மாடி அறையில் நான் இருக்க வேண்டும். என் துணி, கண்ணாடி, புத்தகங்களை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கொடியில் என் வேட்டி தொங்கக் கூடாது. காய்கறி, பால், மாத்திரை வாங்கிக் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் தவிர உள்ளே போகக் கூடாது. அம்மிணி என்று கூப்பிட வேண்டும். பேரைச் சொல்லக் கூடாது, அவள் பேரையும் என் பேரையும். போட்டோவை இனி எடுக்கக் கூடாது.

தனபாக்கியம் தினமும் தூக்குப் போசியில் சோறு கட்டி அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் அதை என்னிடம் கொடுப்பாள், மில் பக்கம் போகிற ஆள் என்று. நான் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கமாக நடக்க வேண்டும், அவள் கண்ணுக்கு மறைகிறவரை. எங்காவது உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது, வைத்தால் கவலைப்படுவாள். போசியைக் கழுவிச் சாயங்காலம் கேட்டில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

சாப்பிட்டாரா என்று கேட்பாள். சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். எப்போது வருவார் என்று கேட்பாள். வேலை அதிகம், மிசின் ஒன்று நின்றுவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவன் நான்.